வயர் சாரின் நல்ல வயர்

அலுவலகத்தில் அவருக்கு வயர் சார் என்று பெயர். நேரில் வெறும் சார். முதுகுக்குப் பின்னால் வயரும் சேர்ந்துகொள்ளும். வேறொருவராக இருந்தால் மனம் புண்பட்டிருப்பார். இவர் காதில் ஒருநாள் அது தற்செயலாக விழுந்தபோது, ஏதோ பட்டம் கிடைத்ததுபோல் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். அவருடைய புத்தி அவ்வளவுதான்.

செல்போனில் ஓடும் ஆப்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. போனை வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து, புதிதாக எழுதிய ஆப்பை அதில் ஏற்றி, எங்கே முழிக்கிறது, எங்கே படுத்துக்கொள்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் ஒரு சின்னச் சங்கதி உண்டு. பார்வைக்கு எல்லா வயரும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மலிவு வயர்கள் பலவற்றில் கரண்ட் போகும், தகவல் போகாது. சொருகினால் போனுக்குச் சார்ஜ் ஏறும். கம்ப்யூட்டரோ அப்படி ஒரு போன் இருப்பதையே கண்டுகொள்ளாது. கம்பெனியில் மொத்தமாக வாங்கிப் போட்டிருந்த கறுப்பு வயர்கள் எல்லாம் இந்த ரகம். அவற்றுக்கு நடுவே எப்படியோ தப்பி வந்திருந்த ஒரே ஒரு நல்ல வயரை, வேலையில் சேர்ந்த புதிதில் இவர் கண்டுபிடித்தார். வாழ்க்கையில் அவர் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அதை வைத்தே காலத்தை ஓட்டினார்.

நல்ல வயராக நாலு வாங்கிப் போடுங்கள் என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோருடைய தலைவலியும் அன்றே தீர்ந்திருக்கும். தீர்ந்துவிட்டால் இவரை யார் தேடி வருவார்கள்? அதனால் வாயே திறக்கவில்லை. போன் இணையமாட்டேன் என்கிறது என்று யாராவது வந்து நின்றால், நாற்காலியில் சாய்ந்து, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்.

"கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணியா?"

"பண்ணிட்டேன் சார்."

"போனை?"

"அதையும் பண்ணிட்டேன்."

"போனுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டு மறுபடி போட்டுப் பார்த்தியா? பார்க்கல இல்ல? போ, பார்த்துட்டு வா."

இப்படி அரைநாள் அலையவிட்டுவிட்டு, அப்புறம் பெரிய மனது பண்ணி எழுந்து வருவார். பையிலிருந்து தன் வயரை எடுத்து, கைக்குள் மறைத்தபடி சொருகுவார். இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். "இதுக்கெல்லாம் கைராசி வேணும்" என்பார். மாலையானால் வயரைப் பதமாகச் சுருட்டி வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார். ஒன்றுக்கும் ஆகாத வயர் ஒன்றை மனைவிக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். சார்ஜ் ஏற்றத்தானே, அது போதும் என்று நினைத்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளிடமும் சொல்லவில்லை. ரகசியத்தை வீட்டில்கூட அவிழ்க்காத ஆள்.

இந்தச் சமயத்தில் டீம் லீடர் வேலையை விட்டுப் போக, மூலையிலிருந்த கண்ணாடி அறை காலியானது. வயர் சாருக்குத் தூக்கம் போயிற்று. வருஷக்கணக்காக அந்த அறைமேல் அவருக்குக் கண். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "பஸ் கம்பெனி முதலாளி வர்றாரு. நம்ம டிக்கெட் ஆப்பை நிஜப் போன்ல ஏத்தி, பெரிய ஸ்கிரீன்ல அவருக்கு ஓட்டிக் காட்டுங்க. நல்லபடியா முடிஞ்சா அந்த ரூம் உங்களுக்குத்தான்." அன்றைக்கே, நாற்காலியை எந்தப் பக்கம் போட்டால் உள்ளே வருகிறவர்கள் தயங்கித் தயங்கி வருவார்கள் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டார்.

முதலாளி வருகிற அன்று, சமீபத்தில் சேர்ந்த பெண் ஒருத்தி வந்து கேட்டாள்.

"சார், ஒரு தடவை இணைச்சுப் பார்த்துடலாமா?"

"யாருக்குச் சொல்ற? எனக்கா?"

அவள் போய்விட்டாள்.

முதலாளி வந்தார், உட்கார்ந்தார். வயர் சார் புதுச் சட்டையில் எழுந்து, வழக்கம்போல் வயரைக் கைக்குள் மறைத்துச் சொருகினார். போன் க்ளிங் என்று சார்ஜ் ஏற ஆரம்பித்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கிச் சொருகினார். மறுபடி க்ளிங். ஊதிச் சொருகினார். க்ளிங். புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பண்ணினார்.

"போனையும் சார்." பண்ணினார்.

"டிரைவரை எடுத்துட்டு மறுபடி போட்டா சரியாகும் சார்" என்றான் இன்னொருவன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மேனேஜர் பொறுமை இழந்தார். "யார்கிட்டயாவது வேற வயர் இருக்கா?"

ஒரே நேரத்தில் எல்லாப் பைகளும் திறந்தன. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று ஆளுக்கொரு வயர் வெளியே வந்தது. எல்லாம் நல்ல வயர். தெருமுனைக் கடையில் எப்போதோ வாங்கி வைத்துக்கொண்டு, அவரவர் பாட்டுக்கு வேலையை முடித்து வந்திருக்கிறார்கள். பிறகு எதற்கு அவர் முன்னால் வந்து கைகட்டி நின்றார்கள்? சீனியர் என்பதால், வருஷக் கடைசியில் இவர்கள் வேலைக்கு மார்க் போடுவது அவர். வாரத்துக்கு ஒருமுறை யாராவது போய் நின்றால் மனிதர் குளிர்ந்துவிடுவார். இந்த வாரம் யார் போவது என்று அவர்களுக்குள் முறைகூட வைத்திருந்தார்கள். இவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

புதுப் பெண் தன் வயரைச் சொருகினாள். ஆப் திரையில் வந்தது, டிக்கெட் போட்டது, முதலாளி தலையாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்கோ சந்தேகம்.

"அந்த வயருக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். அதுல சார்ஜ் மட்டும்தான் ஏறும்."

மேனேஜர் வயர் சார் பக்கம் திரும்பினார். "வயர்ல இப்படி ரெண்டு தினுசு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றால், இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்பது அடுத்த கேள்வி. வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்துவைத்திருந்த அந்த ஒரே விஷயத்தை, அத்தனை பேர் முன்னால் கைகழுவினார்.

"தெரியாது சார்."

அசடு வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலாவது கோபப்பட ஒரு சாக்கு கிடைத்திருக்கும். "லீடர் விஷயம் அப்புறம் பேசிக்கலாம்" என்று மேனேஜர் எழுந்து போனார். அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று வயர் சாருக்கும் தெரியும். மேசைமேல் கிடந்த கறுப்பு வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் கட்டில் ஓரத்தில் மனைவியின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதில் தொங்கிய கறுப்பு வயரைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது.

"என் பையில இருந்த வயரை யாரு எடுத்தது?"

"நான்தாங்க. என்னுது லூசா ஆடிக்கிட்டே இருந்துச்சு. காலைல உங்க பையில மாத்தி வெச்சேன். ரெண்டும் ஒரே கறுப்பு வயர்தானே." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். "ஏங்க, அதுல ஏதாவது விசேஷமா?"

சொல்வதற்கு இன்னொரு சந்தர்ப்பம் வாசல் வரை வந்து நின்றது. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப இது இங்கேயே இருக்கட்டும்" என்று அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.