நரிக்காகச் சொன்ன பொய்

பாரிசுக்கு வெளியே, கூசேன்வில்லில் மாமா வீட்டுக் கோழிகளுக்கு ஒரு கூடு இருந்தது. அவைதான் அதில் இருப்பதில்லை. விடிந்தால் பொழுதுபடும்வரை வளவு முழுக்க மேய்ச்சல். பாரிஸ் நகரத்துக்குள், லாச்சப்பலில் நாலாம் மாடியில் வளர்ந்த எனக்கு, உரித்துத் தொங்காமல் நடந்து திரியும் கோழிகளைப் பார்ப்பதே பெரிய வேடிக்கை. சனிக்கிழமைகளில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு ரயிலேறித் தன் தம்பி வீட்டுக்குப் போவார். உண்மையில் இழுத்துக்கொண்டு போனது நான்.

எனக்கு ஒன்பது வயதான வசந்த காலத்தில் ஆறு கோழிகள் நாலாகிவிட்டன. வேலியோரம் இறகுகள் கிடந்தன. நரி என்றார் மாமா. எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும், வந்தது சந்தோஷம்தான். தலைக்கு மேலே விமானம் இறங்குகிற ஊரில் நரியா! முழங்காலில் ஊர்ந்து வேலியடியைத் துழாவினேன். பக்கத்து வீட்டுப் பக்கமாக, என் தலை நுழையும் அளவில் ஒரு பொந்து. நுழைத்தும் பார்த்தேன். அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் தன்னோடு வேலை செய்பவரிடம் மாமா ஓர் இரும்புப் பொறி வாங்கி வந்திருந்தார். அதை வைக்குமுன், நரி எந்த நேரம் வருகிறதென்று பக்கத்து வீட்டு மதாமிடம் விசாரிக்க என்னைக் கூட்டிப்போனார். மாமாவுக்குப் பிரெஞ்சு வராது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியில் எனக்கிருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

வயதான மதாம் குரலைத் தாழ்த்தினார். நரி வருகிறது, தன் தோட்டக் கொட்டகைக்கு அடியில் மூன்று குட்டிகள் போட்டிருக்கிறது, தாய் செத்தால் அவையும் செத்துப்போகும் என்றார்.

“என்னவாம் பிள்ளை?”

நான் குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்தேன். “நரி இப்ப இஞ்சாலை வாறேல்லையாம், மாமா. வேறை எங்கையோ போட்டுதாம்.”

“ஓ, அப்ப நல்லது,” என்றார் மாமா.

அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறவில்லை. குட்டிகளைக் காப்பாற்றிவிட்டேன், ஆனால் மிச்ச நாலு கோழிகளையும் நானே நரிக்குத் தாரைவார்த்துவிட்டேன். ஒன்றும் அறியாத மாமாவை நினைக்கப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை ஓடிப்போய் எண்ணினேன். நாலும் இருந்தன. பொறியைக் காணவில்லை. பொந்து இருந்த இடத்தில் கம்பிவலை மண்ணுக்குள் ஆழமாகத் தாட்டிருந்தது. கூட்டுக் கதவில் புதிய கொளுக்கி. மாமா வளவில் நிற்கும் நேரம் மட்டும்தான் கோழிகளுக்கு வெளியே அனுமதி.

“நரிதான் வாறேல்லையே மாமா, பிறகேன் வலை?”

“நாய் வரும்தானே.”

மத்தியானம் வெட்டிய மீனின் தலையையும் குடலையும் மாமா ஒரு பையில் போட்டு வேலிக்கு மேலால் மதாமிடம் கொடுத்தார். பூனைக்காம். மதாம் பூனை வளர்த்து நான் கண்டதில்லை. கேட்கவேண்டும் என்று நாக்கு துடித்தது. கேட்கப்போய் என் பொய் வெளியே வந்துவிட்டால்? முதல் தடவையாக ஒரு கேள்வியை விழுங்கினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு மதாமே அதைச் சொன்னார். நாங்கள் வந்து போன மறுநாள் காலை மாமா தனியாக வந்து, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், குட்டிகள் கண் திறந்துவிட்டனவா என்று கேட்டாராம். தான் கேட்டதைப் பிள்ளையிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம்.

நான் பொய் சொன்ன அன்று மதாம் வீட்டிலிருந்து திரும்பும்போது, மாமா என் தோளில் கைபோட்டபடி நடந்தார். நரி போய்விட்டதென்று நான் சொன்னதை நம்பிய சந்தோஷம் அது என்றே நினைத்துக்கொண்டு நானும் நடந்தேன்.