பதக்கத்தின் விளிம்பில் இருந்த பெயர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஆங்கிலேய டாக்டரின் மருந்தகத்தில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தேன். அவர் முன்பு பட்டாளத்து டாக்டர். சென்ற நூற்றாண்டின் பிரிட்டிஷ் படைகளைப் பற்றி மட்டுமே எழுதும் ஒரு சஞ்சிகை லண்டனிலிருந்து அவருக்குக் கப்பலில் வரும். அவர் படித்து முடித்த இதழ்களை அலமாரியில் வரிசையாக அடுக்குவது என் பொறுப்பு. நோயாளிகள் குறைந்த பிற்பகல்களில் நானும் படிப்பேன். சண்டை வர்ணனைகளைத் தாண்டிவிடுவேன். எனக்குப் பிடித்தவை பட்டியல்கள்: எத்தனை கோவேறு கழுதைகள், எத்தனை மூட்டை அரிசி, ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் என்னென்ன மருந்து. காய்ச்சலுக்குக் கொயினா நாங்கள் கொடுப்பதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

ஓர் இதழின் கடைசிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. பர்மாச் சண்டைக்குப் போன சென்னைப் படையொன்றில் பதக்கம் பெற்ற சிப்பாய்களின் பட்டியலைத் தொகுக்கிறார்களாம். பதக்கம் வைத்திருப்பவர்கள் அதன் விளிம்பில் வெட்டியிருக்கும் எழுத்துகளை அப்படியே எழுதி அனுப்ப வேண்டும்.

என் தாத்தா இருந்த படை அது. அவருடைய வெள்ளிப் பதக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும், வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதை எடுத்துவந்தார்.

"லண்டன் புத்தகத்துல எங்கப்பா பேரு வரப்போவுது. உடனே அனுப்பும்மா."

மறுநாள் மருந்தகத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் தேய்த்தும் பார்த்தேன். எண் முழுதாக இருந்தது. சிப்பாய் என்பது இருந்தது. பெயரில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் வழவழப்பு. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அம்மா அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத்தான் படத்தின் முன் வைப்பார்.

மாலையில் வீட்டில் இதைச் சொன்னதும், "இப்படித் தேய்க்கச் சொன்னது யாரு?" என்று அம்மாவைக் கேட்டார் அப்பா.

"கறுத்துக் கெடக்கிறதை அப்படியே வெச்சுக் கும்பிடணுமா? பளபளன்னு இருக்குன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டினது யாராம்?" என்றார் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "சரி, எங்கப்பா பேரு எனக்குத் தெரியும்ல. நான் சொல்றேன், நீ எழுது."

"விளிம்புல என்ன இருக்குன்னுதான் கேக்கிறாங்கப்பா."

"இதென்ன மருந்துச் சீட்டா? ஒரு சொட்டு கூடிட்டா ஆளு செத்துருவாரா? அவரு செத்து இருபது வருஷமாச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தெரிந்ததை மட்டும் எழுதினேன். குடும்பத்தார் சொல்லும் பெயர் என்று கீழே தனி வரியில் அப்பா சொன்னதைச் சேர்த்தேன்.

ஒரு வருஷம் கழித்துச் சஞ்சிகையில் பட்டியல் வந்தது. எண், சிப்பாய், ஓர் எழுத்து, அதன்பின் புள்ளிகள். என் தனி வரியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா பார்க்க வேண்டும் என்றதால் டாக்டரிடம் கேட்டு இதழை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அதை வாங்கிவைத்துக்கொண்டார். காலையில் பழுப்புத் தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

அடுக்குவதற்குமுன் பிரித்துப் பார்த்தேன். புள்ளிகளின்மேல் தாத்தாவின் முழுப் பெயர், தமிழில், மையில், அப்பாவின் ஆபீஸ் கையெழுத்தில்.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, அப்பா எழுதிவிட்டார், மன்னிக்க வேண்டும் என்றேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரியான வரியில்தானே எழுதியிருக்கிறார்?"

எண்ணைச் சரிபார்த்தேன். "ஆமாம்."

"அப்படியானால் அலமாரியில் வை" என்றார்.