மாமாவுக்கு எண்ணப் பழக்கிய கதை

படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போகவேண்டும் என்பது அப்பா நாளுக்கு இரண்டு தரமாவது எங்களுக்குச் சொல்லும் வசனம். நாடு விட்டு வந்து நாங்கள் குடியேறிய மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கார் திருத்தும் கடைகளும் பெரிய பெரிய ஸ்டோர்களும்தான். மருந்துக்கும் ஒரு மாடு கிடையாது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பக்க அறைக்கு வாடகைக்கு ஒருவர் வந்தார். இரண்டு பட்டம் வாங்கியவர். மாட்டுப் பண்ணையில் வேலை தேடிக்கொண்டிருந்தார். அன்றோடு அப்பா அந்த வசனத்தை விட்டுவிட்டார்.

அவர் கென்யாவிலிருந்து வந்த மசாய்க்காரர், மாடு வளர்க்கும் இனம். மாமா என்று கூப்பிடச் சொல்லி அம்மாவின் கட்டளை. சமையலறை நிலையில் குனிந்துதான் நுழைவார். அம்மாவின் சொதியைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் பால் விட்டிருக்கலாம் என்பார். வேறு யாரும் அப்படிச் சொல்லியிருந்தால் அம்மா ஒரு கிழமை கதைத்திருக்கமாட்டார்.

சின்ன வயதில் அவருடைய ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்ததாம். கெட்டிக்கார மகன்களை எல்லாம் மந்தைக்கு வைத்துக்கொண்டு, மேய்க்கப் போன இடத்தில் தூங்கி ஒரு கன்றைக் கழுதைப்புலிக்குப் பறிகொடுத்த மகனை அவருடைய அப்பா படிக்கத் துரத்திவிட்டார். அந்த மகன்தான் மாமா. மாடு மேய்க்க லாயக்கில்லாததால் படித்தேன் என்று சொல்லி அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அப்பாவுக்கு மட்டும் அந்தக் கதையில் சிரிப்பு வராது.

மாமாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த மனிதருக்கு எண்ணத் தெரியாது.

சும்மா சொல்லவில்லை. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அம்மா கேட்டதற்கு, மூத்தவர் நெட்டை, அடுத்தவருக்குக் கோபம் வரும், அதற்கடுத்தவள் நன்றாகப் பாடுவாள் என்று தொடங்கினார். சோறு ஆறியது, ஒரு எண்ணிக்கை வரவில்லை. எத்தனை மாடு என்று அப்பா கேட்டார். ஒவ்வொன்றின் நிறம், கொம்பு, குணம் என்று ஒரு மணித்தியாலம் போனது. பார்க்குக்குப் போகும்போது அம்மா பிள்ளைகள் எங்களை "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று தலையில் தட்டி எண்ணிக் காரில் ஏற்றுவார். மாமா அப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எண் சொல்வதில் நான்தான் கடைசி. எனக்கும் கீழே ஒருவர் கிடைத்தால் விடுவேனா? பின்னேரங்களில் மாமாவைப் பக்கத்தில் இருத்தி, கைதட்டித் தட்டித் தமிழில் எண்ணப் பழக்கினேன். பத்துக்கு ஒரு தடவை இரட்டைத் தட்டு. தடக்கினால் முறைப்பேன். சொல்வதை எல்லாம் பணிவாகத் திருப்பிச் சொன்னார். ஊரில் அவர் பல வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாமாவின் விசா முடிய மூன்று கிழமைதான் இருந்தது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அவர் திரும்பிப் போகவேண்டும். கடைசியில் தெற்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருந்த ஒரு பண்ணை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பா கொண்டுபோனார், நான் அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

பண்ணைக்காரி சேற்றுச் சப்பாத்தும் பெரிய குரலுமாக இருந்தார். மாமா ஒரு மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்ன ஏதோ ஒன்று அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. பிறகு கன்றுகள் நின்ற அடைப்பைக் காட்டி, நான் படலையைத் திறக்கிறேன், வெளியே வருவதை எண்ணிச் சொல் என்றார்.

மாமாவுக்கு எடுத்துக் கொடுக்க நான் ஒரு அடி முன்னுக்கு வைத்தேன்.

முதல் கன்று வந்தது. மாமா வாயைத் திறக்கவில்லை. பண்ணைக்காரி படலையைப் பாதியில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மாமாவின் நெற்றியில் வியர்வை. "பிள்ளை, நீ பேசாமல் நில்," என்று அப்பா என் தோளை அமத்தினார். அந்த நேரம் மாமா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லக் கைதட்டத் தொடங்கினார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

அப்படியே என் ராகம். கன்றுகள் முட்டி மோதி வந்தன. பத்தில் இரட்டைத் தட்டு, இருபதில் இரட்டைத் தட்டு. முப்பத்தேழில் நின்றார். ஆங்கிலத்தில் தொகையைச் சொன்னார். சரியாக இருந்தது. அது என்ன பாஷை என்று பண்ணைக்காரி கேட்டார். மாமா என்னைக் காட்டி, என் டீச்சருடைய பாஷை என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வேலை கிடைத்தது. வரும் வழியில் டெயரி என்கிற ஒரு மூலைக்கடையில் நிறுத்தி மாமா எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அப்பாவே இரண்டு சாப்பிட்டார். திங்கட்கிழமை வகுப்பு முழுக்க, ஒரு பெரிய ஆளுக்கு எண்ணப் பழக்கி வேலை எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்லித் திரிந்தேன்.

மசாய்க்காரர் மாட்டையும் பிள்ளையையும் எண்ணமாட்டார்கள், எண்ணினால் அதில் ஒன்று குறைந்துவிடும் என்ற பயம் என்பதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா ஒரு உயிரை எண்ணியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு நாள்தானாம். அவருடைய பாஷையிலும் முடியாது, வாத்தியாராக இருந்து கணக்குச் சொன்ன ஆங்கிலத்திலும் எண்ண மனம் வரவில்லை. நான் பழக்கியது அவருக்கு விளையாட்டு. விளையாட்டை யாரும் எண்ணிக்கையாக எடுக்கமாட்டார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாராம்.

ஆனாலும் சமாதானமாகவில்லை போலும். பண்ணைக்குப் போன முதல் கிழமை, ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்குப் போன் எடுத்து என்னைக் கேட்டு வாங்கி, கன்றுகள் எல்லாம் சுகம் என்று சொல்வார். டீச்சரை மறக்கவில்லை என்று காட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கிழமையின் கடைசி நாள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் நிற்கின்றன என்றார்.

எத்தனை நிற்கின்றன என்று டீச்சர் குரலில் கேட்டேன்.

எல்லாம் என்று திரும்பச் சொன்னார்.

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மாமா மறந்துபோனார், திரும்ப ஒண்டிலிருந்து தொடங்கவேண்டும் என்று சொன்னேன்.