புரோமோட்டர்லதான் கோளாறாம்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு ஜெலுத்தோங்கில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பால்மாவு புரோமோட்டராக இருந்தேன். தெரியுமே, வருகிறவர்களை மறித்து மறித்து, வாங்கிப் பாருங்கள் என்று நாள் பூரா கெஞ்சும் வேலை.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு உடம்பு வெளுத்துக்கொண்டே போனது. சோதித்துவிட்டுத் தலசீமியா என்றார்கள். ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய். டாக்டர் என்னையும் என் கணவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். கோளாறு இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. என் பக்கத்து ஜீன் உள்ளேயே கெட்டிருக்கிறது. இவர் பக்கத்து ஜீன் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் புரோமோட்டர் என்று ஒரு சின்னப் பகுதி. செல்லுக்குள் இருக்கும் சில புரதங்கள் அதைப் பிடித்து உட்கார்ந்தால்தான் ஜீனைப் படிக்கும் வேலையே தொடங்குமாம். அங்கே ஓர் எழுத்து மாறிப்போனதால் பிடிமானம் போதவில்லை, வேலையும் கொஞ்சமாகத்தான் நடக்கிறது. இவருடைய கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாம், கல்யாணம் கட்டுமுன் அவர்கள் பிள்ளைகளைச் சோதிக்கச் சொல்லுங்கள் என்றார்.

நாத்தனார் மகளுக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்தார்கள். பிறை என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். டாக்டர் என்ன சொன்னார் என்று நாத்தனார் கேட்டதும், "புரோமோட்டர்லதான் கோளாறாம்" என்றார் இவர். அவ்வளவுதான். நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன்லா. வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு நாள் பூரா ஏர்கான்ல நின்னா வேற என்ன ஆகும்?"

சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. இவர் திருத்துவார் என்று பார்த்தேன். கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நானே சொன்னேன்.

"அண்ணி, அந்தப் புரோமோட்டர் நான் இல்ல. அது உங்க தம்பி ரத்தத்துல இருக்கு. உங்களுக்கும் இருக்கலாம். மொதல்ல பொண்ண டெஸ்ட் பண்ணுங்க."

வந்தது பாருங்கள் கோபம். கல்யாண வீட்டில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறேனாம், அவர்கள் வம்சத்தில் அதெல்லாம் கிடையாதாம். இவர் கோப்பியைக் குடித்து முடித்து எழுந்தார். காரில் ஏறிய பிறகு என்னிடம் மட்டும், "விடுலா, அக்காவுக்கு ஒன்னும் தெரியாது" என்றார்.

சோதனை இல்லாமலே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கும் அந்தக் கோளாறு இருந்திருக்கிறது. என் மகள் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் வார்டுக்கே இப்போது அவர்கள் குழந்தையும் வருகிறது. என்மேல் பழி விழுந்த வலிகூட ஆறிவிட்டது. அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி ஏறும்போதெல்லாம், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத மனிதரோடுதான் குடும்பம் நடத்துகிறேன் என்பது மட்டும் இன்னும் கசக்கிறது.