பென்சில் பிடுங்கும் ஆர்டிஸ்

யார் வந்தாலும் ஆர்டிஸின் கை முதலில் அவர் காதுக்குத்தான் போகும். அங்கே செருகியிருக்கும் பென்சிலை உருவி, வாசலில் உள்ள காப்பி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். "எஞ்சின் புகைக்குழாயில பென்சில் கோடு பட்டா, சூட்டுல அந்தக் கோட்டுலயே விரிசல் விடும்பா."

விஸ்கான்சினில் சோளக்காடுகளுக்கு நடுவே, புல்தரை ஓடுதளத்தின் ஓரத்தில் அவருடைய கொட்டகை. சுற்றுவட்டாரத்தில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். ஆர்டிஸ் பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேசமாட்டார். எஞ்சின் இரைச்சலில் மட்டும் உரக்கப் பாடுவார், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்.

போன வாரம் கார்வின் தானே கட்டிய விமானத்தோடு வந்தார். மனைவி லவான் கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார்.

"ப்ரொப்பெல்லர மட்டும் சமன் பண்ணிக் குடு, ஆர்டிஸ். விமானம் ஆடுற ஆட்டத்துல இவளுக்கு மண்டை வலியாம். இனிமே ஏறவே மாட்டாளாம்."

"ஆட்டத்துல இடுப்புல்ல வலிக்கணும்? மண்டை ஏன் வலிக்குது?"

"மேல குளிருதுன்னு ஹீட்டர் போட்டப்புறம்தான் வலி. குமட்டல் வேற" என்றார் லவான்.

"அது உன் அண்ணன் பொரிச்ச மீனு" என்றார் கார்வின்.

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. புகைக்குழாயைச் சுற்றியிருந்த ஹீட்டர் உறையைக் கழற்றினார்; அந்தக் குழாயின் சூட்டில் காயும் காற்றுதான் ஹீட்டர் வழியாக விமானத்துக்குள் வரும். தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் திருப்பி மாட்டிப் புகைக்குழாய்க்குள் காற்றை ஊதவிட்டு, மேலே சோப்புத் தண்ணீர் தெளித்தார். நேர்கோட்டில் வரிசையாகக் குமிழிகள் எழுந்தன.

"விரிசல் தானா இவ்வளவு நேரா வராது. யாரு போட்ட கோடு?"

கார்வினின் கை தன் காதைத் தடவியது.

"இந்த விரிசல் வழியா வர்ற விஷப்புகைக்கு வாசனை கிடையாதுப்பா. இன்னும் கொஞ்ச நேரம் பறந்திருந்தா ரெண்டு பேரும் மேலயே தூங்கியிருப்பீங்க."

கார்வின் கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

விரிசல் விட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டைப் பற்றவைத்து, மறுபடி சோப்புத் தண்ணீர் தெளித்தார் ஆர்டிஸ். குமிழி இல்லை. எல்லாவற்றையும் மாட்டியபின் ப்ரொப்பெல்லர். ஓடவிட்டு அதிர்வைப் பார்ப்பது, நிறுத்தி எடைக்கு ஒரு வாஷரைச் சேர்ப்பது, ஒன்றை இடம் மாற்றுவது, மீண்டும் ஓடவிடுவது. இரைச்சலுக்குள் அவர் வாய் மட்டும் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது.

"இப்ப ஏறலாமா?" லவான் மெதுவாகக் கேட்டார்.

விஷப்புகை பட்டால் கறுக்கும் சிறு அட்டையை விமானத்துக்குள் ஒட்டினார் ஆர்டிஸ். கார்வினை ஓட்டச் சொல்லிவிட்டு, லவானின் இருக்கையில் தானே ஏறி, மே மாத வெயிலில் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டார்.

சோளக்காட்டைச் சுற்றிவிட்டு அவர்கள் இறங்கியபோது ஆர்டிஸின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அட்டை கறுக்கவில்லை. கீழே இறங்கியவர், தன் வியர்வை பட்ட இருக்கையைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு, லவானுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.