தன் ஊரைச் சட்டையாகப் போட்டுக்கொண்ட லூசியா

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பேத்தி ஜெனியின் போன் வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "ஆச்சி, லூசியாக்கா போயிட்டாங்க" என்றாள். நான் ஒரு கால் செருப்போடு மாதா கோவில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் அவளோடு நின்ற பிள்ளைகளே, உங்களுக்கு அவள் குவாலிட்டி மேடம். ஒரு பிசிறு நூலுக்காகக் கட்டிய பெட்டியைப் பிரிக்கச் சொன்னபோது மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். எங்களுக்கு அவள் மாடி வீட்டுக்காரி. குவாத்தமாலா நாட்டில் பிறந்தவளை வெளிநாட்டு பையிங் ஆபீஸ் ஒன்று துணியின் தரம் பார்க்கத் திருப்பூருக்கு அனுப்பியது. வேலம்பாளையத்தில் எங்கள் மாடிக்கு வாடகைக்கு வந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அந்த நாட்டின் பெயரையே கேட்டதில்லை. "அமெரிக்காவுக்குக் கீழ, வாழை விளையற ஊருங்க" என்றாள். உங்களிடம் தமிழ் கற்றதால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாள். நான் திருநெல்வேலிக்காரி. "ஏட்டி, என் வீட்டுல இருந்துக்கிட்டு கோயமுத்தூர் பாஷை பேசுதியே" என்று சீண்டுவேன். "ஏனுங்க ஆச்சி, உங்க பாஷையில மரியாதையே இல்லீங்களே" என்பாள்.

பூசைக்கு வரும்போது தன் ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். அதற்கு விப்பீல் என்று பெயர். சிவப்புத் துணியில் பறவையும் மலையும், கழுத்தைச் சுற்றிச் சூரியனும் வைத்து நெய்தது. முதல் தடவை அதைப் பார்த்த பாடகர் குழுப் பெண் ஒருத்தி, "இன்னைக்கு டான்ஸ் எதுவும் உண்டாக்கா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. லூசியா சிரித்தாள். திரும்பி வரும்போது சொன்னாள்: "எங்க தலைநகரத்துல இதைப் போட்டுட்டு பேங்குக்குப் போனா, யாரூட்டு வேலைக்காரின்னு பாப்பாங்க. டான்ஸ்காரி பரவாயில்லீங்க ஆச்சி." படித்து முடித்து முதல் வேலைக்குப் போன இடத்தில் அவளை அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்களாம். அவள் அம்மா காலத்தில் பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய மாயா இனத்துப் பாஷையைப் பேசினால் அடி விழுமாம்.

லீவு நாளில் மொட்டைமாடித் தூணில் நூல்களின் ஒரு முனையைக் கட்டுவாள். மறு முனையை அகலமான வாரால் இடுப்பில் பூட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெய்வாள். பின்னால் சாய்ந்தால் நூல் விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். அவள் உடம்புதான் பாதித் தறி. "இந்தச் சூரியனுக்குள்ள தலையை நுழைச்சா ஊருக்கு நடுவுல நிக்கற மாதிரிங்க. பாத்ததும் எந்த ஊர்க்காரின்னு சொல்லிருவாங்க" என்பாள்.

மாதக்கணக்கில் நெய்யும் அந்த டிசைனை அங்கே இப்போது மெஷினில் அச்சடித்து விற்கிறார்கள். சொந்த ஊர்ப் பெண்களே வாங்குகிறார்கள். "அவங்களைத் திட்ட மாட்டேனுங்க. நூல் விக்கற விலைக்கு நானும் படிக்கையில பிரிண்ட்தான் போட்டேன்" என்றாள். ஆனால் கேட்காமல் எடுத்துப் பை, செருப்பு என்று போட்டு விற்கும் கம்பெனிகள் மேல் கோபம் இருந்தது. டிசைன் ஊருக்குச் சொந்தம் என்று சட்டம் வேண்டி நெசவுக்காரப் பெண்கள் கூட்டம் சேர்த்துப் போராடுகிறார்கள். அவள் அம்மாவும் அதில் ஒருத்தி. "நானே நெய்தாலும் என்னுது இல்லீங்க ஆச்சி. ஊரைக் கேக்காம எடுத்துக் குடுக்க எனக்கும் உரிமை இல்லீங்க."

பிறகு அவளுக்கு ரத்தத்தில் புற்று என்று சொன்னார்கள். படுக்கையில் அந்தக் கனத்த சட்டை உடம்பில் உறுத்தியது. இல்லாமலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெனி அருள்புரத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைனர். அக்காவுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று, விப்பீலைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பறவையாக வரைந்து, பனியன் துணியில் அச்சடித்து, சட்டையாகத் தைத்து எடுத்து வந்தாள். திருப்பூர்ப் பிள்ளைக்குப் பாசம் வந்தால் வேறென்ன செய்யத் தெரியும்? "எப்படி இருக்கு? என் பேத்தி கைவேலை" என்று நான்தான் பெருமையாக விரித்துக் காட்டினேன்.

லூசியா சட்டையைக் கையில் வாங்கினாள். வழக்கம்போல விரலால் ஓரத்தைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கலர் விலகவே இல்லை. செக்கிங்ல பாஸ்" என்றாள். கண்ணீர் வழிந்தது.

"ஜெனி, இந்த டிசைன் எங்க இருக்கு?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்லக்கா. ஓனர் பார்த்துட்டு சூப்பர்னு சொன்னார். ஆர்டர் தர்ற பையருக்குக் காட்டணும்னார்."

"அழிச்சிடு கண்ணு. எங்கம்மா வாழ்நாள் முழுக்க எதை வேண்டாம்னு சொல்றாங்களோ, அது என் கட்டில்ல இருந்து போகக்கூடாது."

ஜெனிக்கு அப்போதுதான் புரிந்தது. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் அழித்தாள். ஆனால் சாம்பிள் போட்டோ முந்தின நாளே வாட்ஸ்அப்பில் போயிருந்தது. அதை மறைக்காமல் வந்து சொன்னாள். லூசியா கண்ணை மூடிக்கொண்டாள். செத்துப்போவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது என்று எனக்குப் பட்டது. பிறகு, "ஜெனி தைச்ச சட்டையைக் குடுங்க ஆச்சி" என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அதைப் புறம் திருப்பி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிவிடச் சொன்னாள். "துக்க வீட்டுக்கு எங்கம்மா இப்படித்தான் போட்டுட்டுப் போவாங்க. ஜெனி பாசம் என் மேல படட்டும். ஊரோட டிசைன் வெளிய தெரிய வேண்டாம்." கடைசிவரை அதையே போட்டிருந்தாள்.

உடலை அவ்வளவு தூரம் கொண்டுபோக அவள் வீட்டாருக்கு வழியில்லை. இங்கே மாதா கோவில் கல்லறையில்தான் வைத்தோம். நீங்களும் வந்திருந்தீர்கள். அவள் நெய்த விப்பீலைப் போட்டுவிட்டோம், நேர்ப்புறமாக. பிரிண்ட் சட்டையையும் பெட்டிக்குள் வைக்கலாமா என்று ஜெனி லூசியா வீட்டாரிடம் போனில் கேட்டாள். லூசியாவின் அண்ணன் தங்கள் அம்மாவிடம் கேட்டு இங்கிலீஷில் சொன்னார்: "வேண்டாம். அது நீ கொடுத்தது. உன் வீட்டில் இருக்கட்டும். யாரும் விற்கக் கூடாது."

போன வாரம், அந்தப் போட்டோவைப் பார்த்த பையர் ஆர்டர் கொடுத்துவிட்டார். ஓனர் ஜெனியைத் திரும்ப வரையச் சொன்னார். "ஏம்மா, நாம அடிக்கலைன்னா வேற எவனோ அடிக்கப் போறான்."

"அடிக்கட்டுங்க சார். நான் வரைய மாட்டேன்."

வேறொரு ஆளை வைத்து வரைந்துவிட்டார்கள். இந்நேரம் பிரிண்டிங் டேபிளில் ஓடிக்கொண்டிருக்கும். உங்களில் யார் கைக்காவது செக்கிங்குக்கு வரும். வந்தால் அது யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜெனி வேறு வேலை தேடுகிறாள். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை லூசியாவிடம் சொல்ல முடியவில்லை. அவள் உடம்பிலிருந்து கழற்றிய பிரிண்ட் சட்டையை நான் துவைக்கவில்லை. உள்பக்கம் வெளியே இருந்தபடியே மடித்து என் பீரோவில் வைத்திருக்கிறேன்.