மண் ஒட்டாத மடி

பாகூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் எல்லை, அதைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் எல்லை. எங்கள் எருமை தினமும் போய்ப் புரளும் குட்டை அந்த எல்லைக்குள் இருந்தது. மூட்டை முடிச்சையெல்லாம் குத்திப் பார்க்கும் சுங்கச் சாவடிச் சேவகன் எருமையை மட்டும் விட்டுவிடுவான். எருமை விஷயத்தில் சந்தேகப்பட நான் ஒருத்தி போதும் என்று நினைத்தானோ என்னவோ.

அந்தச் சித்திரையில் எருமைக்குப் பால் குறைந்தது. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. நான்கு மாதக் குழந்தைக்கு எருமைப்பாலில்தான் தண்ணீர் கலந்து புகட்டிக்கொண்டிருந்தேன். முதலில் கன்றைச் சந்தேகப்பட்டு அதற்கு வாய்ப்பூட்டுப் போட்டேன். அடுத்து என் வீட்டுக்காரர் மீசையில் ஆடை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம் எருமை குட்டையிலிருந்து திரும்பியது. உடம்பெல்லாம் சேறு, மடி மட்டும் கழுவிவிட்டாற்போல் சுத்தம். குட்டைக்கரையில் கீரை போட்டிருந்த எல்லைக்காரி கறந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாளே எருமையைக் கொட்டகையில் கட்டினேன். தாழ்ந்த ஓலைக்கூரை, காற்றே வராது. தண்ணீர், கழுநீர், வைக்கோல் எல்லாம் வைத்தும் அது தீனியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் உச்சிவேளையில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது. முதுகில் கை வைத்தால் சுட்டது. குழந்தைக்குப் புகட்டும் பாலாடை நிறையக்கூடப் பால் இல்லை. உள்ளே குழந்தை கத்திக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தது. அப்போதும் அவள் எதையோ தின்னக் கொடுத்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அவளே இடுப்பில் குடத்தோடு வந்தாள்.

"இன்னாக்கா, மூணு நாளா எருமை வரல?"

எருமையைப் பார்த்ததும் என்னை விலக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். குடம் குடமாகச் சேந்தி வந்து அதன் மேல் ஊற்றினாள்.

"பசுவுக்குன்னா வேர்த்தாவது சூடு எறங்கும். இதுக்கு வேர்வ அவ்ளோ வராதுக்கா. கறுத்த தோலு, சூட்ட வாங்கி உள்ள வச்சிக்கும். சேத்துல கெடந்தாத்தான் ஆறும். ஒடம்பு கொதிச்சா தீனி எறங்காது. சித்திர வெயிலுக்கே பாலு கொறையும், கட்டியும் போட்டா அப்புறம் எங்கேர்ந்து வரும்?"

"மடியில மட்டும் சேறு இல்லியே?" என்றேன், விடாமல்.

"அட்டையப் புடுங்கிக் கழுவி வுடுவேன். காம்புல கடிச்சா புண்ணாயிடும். கொழந்தைக்குப் போற பாலாச்சே."

வெகு நேரம் கழித்து எருமையின் மூச்சு அடங்கியது. அவள் புடவை முழுக்க நனைந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவள் குடத்தை எடுத்தபோது, உள்ளே வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று என் கண் போய்வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். குடத்தை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கக்கா."

மறுநாளிலிருந்து எருமை குட்டைக்குப் போனது. கொஞ்ச நாளில் பாலும் திரும்பியது. ஆனால் சாயங்காலங்களில் அது வரும்போது மடியிலும் சேறு அப்பியிருந்தது. காம்பில் கடித்துக்கொண்டிருந்த அட்டைகளை நான்தான் பிடுங்கினேன்.